ஃபிலே கோயிலும் நூபியாவும் ஒரே நாளில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிலே, தீவில் இருக்கும் ஐசிஸ் அம்மனின் பழங்கோயில். நூபியா, எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் பரந்த நூபியர்களின் தாயகம். இரண்டையும் பார்க்க எகிப்தின் அஸ்வானுக்கு முதல் முறை வருகிறவர்கள் தொப்பியையும் தண்ணீரையும் மறப்பதில்லை. அந்த ஒரு நாளைக் கெடுக்கும் தவறு, வழிகாட்டியிடம் பயணத்தைப் பேசி முடிக்கும்போதே நடந்துவிடுகிறது.

அபு சிம்பெல்லையும் அதே நாளில் திணிப்பது

அபு சிம்பெல், ராம்செஸ் மன்னன் மலையைக் குடைந்து எழுப்பிய கோயில்கள் இருக்கும் இடம். அஸ்வானிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 280 கி.மீ. போக மூன்றரை மணி நேரம், திரும்ப அதே அளவு. விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி ஏறி, அங்கே இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் அஸ்வான் வந்து சேர மதியம் ஒரு மணி ஆகிவிடும். அதன் பிறகு ஃபிலே, பொழுது சாயும்போது நூபிய கிராமம். "மூன்றும் ஒரே நாளில்" என்று விற்கப்படும் திட்டம் இதுதான். கேட்கும்போது லாபமாகத் தெரியும். ஆனால் மூன்றுக்கும் முழுக் கட்டணம் கட்டி, ஒன்றை மட்டும் உருப்படியாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

அதிகம் அடிபடுவது ஃபிலே. தூக்கம் கெட்ட கூட்டம் உச்சி வெயில் தணியுமுன், ஃபிலேக்குப் படகு ஏறும் ஷெல்லால் துறையில் இறங்கும். தூண் வரிசை நடுவே ஒரு படம், 18 மீட்டர் உயரக் கோபுரவாசல் முன் ஒரு படம், கருவறையை எட்டிப் பார்த்துவிட்டு ட்ராஜன் மண்டபத்தில் கடைசிப் படம். நாற்பது நிமிடத்தில் படகுக்குத் திரும்பிவிடுவார்கள். வழிகாட்டியும் நேரத்தைப் பார்த்துச் சுருக்கத்தான் செய்வார்.

அப்படிச் சுருக்கும்போது முதலில் விடுபடுவது, கோயிலுக்கு மேற்கே இருக்கும் ஹத்ரியன் வாசல். நமக்குத் தெரிந்தவரை கடைசியாகச் செதுக்கப்பட்ட எகிப்தியச் சித்திர எழுத்துக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அதன் தேதி கி.பி. 394 ஆகஸ்ட் 24. அதன் அருகில் உள்ள உருவம் மண்டுலிஸ், நூபியர்களின் தெய்வம். எகிப்தியச் சித்திர எழுத்தின் கடைசி வரி ஒரு நூபிய சாமிக்காக எழுதப்பட்டது என்பதை அந்தச் சுவருக்கு முன் நின்று கேட்காமல் போவது பெரிய இழப்பு. ரோமப் பேரரசு கிறிஸ்தவத்துக்கு மாறிய பிறகும் தெற்கிலிருந்து நூபியர்கள் ஐசிஸை வழிபட இங்கே வந்துகொண்டிருந்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் ரோமர்களோடு செய்த உடன்படிக்கையில், அம்மனின் சிலையைத் தங்கள் நாட்டுக்கு எழுந்தருளச் செய்து திருப்பிக் கொண்டுவரும் உரிமையையும் கேட்டுப் பெற்றார்கள். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில்தான் வழிபாடு நிறுத்தப்பட்டது. உள் மண்டபத் தூண்களில் வெட்டியிருக்கும் சிலுவைகள், கோயில் தேவாலயமான காலத்தவை.

இதையெல்லாம் பார்க்காதவர்கள் "காலையில் எகிப்தியக் கோயில், மாலையில் நூபிய கிராமம்" என்று இரண்டையும் வேறு வேறாக நினைத்துக்கொண்டே போய்விடுகிறார்கள். ஆண்டுதோறும் இதே திட்டம் விற்பதும், இதே வாசல் விடுபடுவதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அபு சிம்பெல்லுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். ஃபிலேக்கு வாசல் திறக்கும் நேரத்தில் போய் இரண்டு மணி நேரம் கொடுங்கள். காலைச் சாய்வெயிலில் புடைப்புச் சிற்பங்களின் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஹத்ரியன் வாசலைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் முன்பே கேளுங்கள்.

படகுக்காரரிடம் நேரம் பேசாமல் ஏறுவது

கோயில் நுழைவுச்சீட்டில் படகுக் கூலி சேராது. பேசும் தொகை தலைக்கா, படகுக்கா, போக மட்டுமா, போய்வரவா என்று தெளிவாகக் கேளுங்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம் என்று அவர் எடுத்துக்கொள்வார். பணத்தைக் கரை திரும்பியதும் கொடுங்கள். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும்.

நூபிய அருங்காட்சியகத்தைத் தவிர்ப்பது

1997-இல் திறந்தது. நடுப்பகல் வெயிலுக்கு இதைவிட நல்ல இடம் அஸ்வானில் இல்லை. அதைவிட முக்கியம், கிராமத்துக்குப் போகுமுன் இதைப் பார்ப்பது. நைலின் குறுக்கே அஸ்வான் உயர் அணை கட்டியபோது 1963–64-இல் எகிப்தியப் பகுதியில் மட்டும் சுமார் 50,000 நூபியர்கள் கொம் ஒம்போ பக்கம் குடியேற்றப்பட்டார்கள். கோயில்களை யுனெஸ்கோ முயற்சியில் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் எழுப்பினார்கள். ஃபிலேயும் அப்படித்தான் அகில்கியா தீவுக்கு வந்தது. ஊர்கள் நீருக்கடியில் போயின. இந்த வரலாறு தெரியாமல் போனால் கிராமம் வெறும் வண்ணச் சுவராகத்தான் தெரியும்.

கர்ப் சுஹேலை மூழ்கிய தாயகம் என்று எண்ணுவது

அல்ல. பயணிகளுக்குப் பெரும்பாலும் காட்டும் நூபிய கிராமம் இது; நைலின் மேற்குக் கரையில், அஸ்வானுக்கு அருகில் இருக்கும் ஊர். இன்று சுற்றுலாவே அதன் பிழைப்பு. தாயகம் தெற்கே, உயர் அணையால் உருவான நாசர் ஏரிக்கு அடியில்.

முதலைக் குட்டியைக் கையில் வாங்குவது

வேண்டாம். கிராமத்து வீடுகளில் படத்துக்காகவே வாயைக் கட்டித் தொட்டியில் வைத்திருப்பார்கள்.

கறுப்பு மருதாணி

மருதாணி இலை செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று ஏறினால், அதில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சிலருக்கு நாட்கள் கழித்துக் கோலம் போட்ட வடிவத்திலேயே கொப்புளமாக எழும்பும், தழும்பும் தங்கலாம். குழந்தைகள் கையில் போடவே விடாதீர்கள். பழுப்பு மருதாணி கேட்டால் அங்கேயே கிடைக்கும்.