பாலை நிறுத்தியாயிற்று, திரும்பக் கொடுப்பது எப்போது?

பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாள் வயிற்றுவலி. அல்லது முழங்கை மடிப்பில் எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) அடங்கவே மாட்டேன் என்கிறது. "பால் ஒத்துக்கலை போல, நிறுத்திப் பாரேன்" என்று யாரோ சொல்கிறார்கள். மறுநாளே ஃபிரிட்ஜில் பால் இல்லை. ஏற்கெனவே எட்டு ஐட்டம் மட்டும் தொடுகிற பிள்ளை. அதில் மூன்று பாலில் செய்தவை. மிச்சம் ஐந்து. அந்த ஐந்தையும் கூர்ந்து பார்த்தால் நான்கு வெள்ளை நிறம்.

இப்படி ஓர் உணவை நிறுத்திப் பார்ப்பதில் புதிதாக இறங்குகிற பெற்றோர் செய்யும் தவறுகளில் புதிது ஒன்றும் இல்லை. இன்று ஆலோசனை சொல்கிறவர்களும் ஒரு காலத்தில் இதே பள்ளங்களில் விழுந்தவர்கள்தான். லேபிளைப் படிக்க வேண்டும், கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

ஒரு வரம்பு மட்டும் முதலிலேயே. இங்கே பேசுவது மெதுவாகத் தெரியும் தொந்தரவுகளைப் பற்றி: வயிற்றுவலி, உப்புசம், மலத்தில் மாற்றம், தோல் அரிப்பு. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், இழுப்பு வந்திருந்தால் அது வேறு கணக்கு. சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளிறித் துவண்டுபோனாலும் அப்படித்தான். இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் எதையும் கொடுத்துப் பார்க்கக் கூடாது. மூச்சு திணறினால் சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. மற்ற நாளில், பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு குழந்தைகள் ஒவ்வாமைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஒரே நாளில் நான்கை நிறுத்துவது

பால், முட்டை, கோதுமை, சோயா எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தினால் காரணம் சீக்கிரம் தெரியும் என்று தோன்றும். தெரியாது. தொந்தரவு குறைந்தால் நான்கில் எது என்று தெரியாது. குறையாவிட்டால், பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடாததால் வந்த வயிற்றுவலியா என்றும் தெரியாது. பல உணவுகளை ஒன்றாக நிறுத்தும் முறைகள் உண்டுதான். அவை குறிப்பிட்ட நோய்களுக்கு, மருத்துவமனையில் உணவியல் வல்லுநர் எடையைக் கவனித்துக்கொண்டே நடத்துபவை.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். வயிற்றுத் தொந்தரவு என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் விடை தெரியும். தோல் என்றால் நான்கு வாரம் வரை போகலாம்.

நிறுத்துவதற்கு முன் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள். ஒரு நோட்டில் ஆறு கட்டங்கள் போதும்: மணி, உணவு, அளவு, தொந்தரவு (0 முதல் 10 வரை ஓர் எண்), மலம் (கட்டியா, மிருதுவா, தண்ணியா), மருந்து. எக்ஸிமாவுக்கு வாரம் இரண்டு முறை ஒரே இடத்தை, ஒரே விளக்கு வெளிச்சத்தில் படம் எடுங்கள். இந்த இரண்டு வார எழுத்து இல்லாமல் "இப்போ பரவாயில்லை" என்பதற்குப் பொருளே இல்லை. எதைவிடப் பரவாயில்லை?

அந்த நோட்டிலேயே பாதிப் பேருக்கு வேறு விடை கிடைத்துவிடும். நாள் ஒன்றுக்கு எழுநூறு மில்லி பாலும் வெள்ளைச் சோறும் மட்டும் உள்ளே போகிற பிள்ளைக்கு வயிறு வலிப்பது பால் ஒத்துக்கொள்ளாததால் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. மலச்சிக்கலாக இருக்கலாம். ஐந்நூறு மில்லிக்கு மேல் பால் குடித்தால் வேறு உணவுக்குப் பசி இருக்காது, இரும்புச்சத்தும் குறையலாம். பாலைக் குறைத்து, தண்ணீரையும் பழத்தையும் கூட்டி மலச்சிக்கலைச் சரிசெய்த பிறகும் வலி நீடித்தால் அப்போது பாலைச் சந்தேகப்படலாம்.

மாற்றைப் பழக்குமுன் அசலைப் பிடுங்குவது

எதையும் சாப்பிடுகிற பிள்ளைக்கு இது பெரிய தவறல்ல. இரண்டு நாள் முனகிவிட்டுச் சோயா பாலைக் குடித்துவிடும். அடம் பிடிக்கிற பிள்ளை அப்படியல்ல. கோப்பையின் நிறம் மாறினாலே தள்ளிவிடும். அதனால் மாற்று உணவு முதலில் பழக வேண்டும், பிறகுதான் பால் போக வேண்டும்.

இருநூறு மில்லி கோப்பையில் முதலில் 175 மில்லி பால், 25 மில்லி சோயா பால். மூன்று நாளைக்கு ஒருமுறை சோயாவை 25 மில்லி கூட்டி, பாலை அதே அளவு குறையுங்கள். எட்டுப் படி, இருபத்து நான்கு நாள். அதே கோப்பை, அதே சூடு, அதே நேரம். ஒரு படியில் முகம் சுளித்தால் முந்தின படிக்குத் திரும்பி மேலும் மூன்று நாள் இருங்கள். திருட்டுத்தனமாகக் கலக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளின் நாக்கு கூர்மையானது. கண்டுபிடித்தால் சோயா மட்டுமல்ல, அந்தக் கோப்பையே போய்விடும். ஒரு கரண்டியை அவர்களையே ஊற்றச் சொல்லுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: சோயாவே ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால், வேறு எதையும் மாற்றாத இந்த நாட்களிலேயே அது தெரிந்துவிடும்.

எந்தச் சோயா என்பதும் முக்கியம். லேபிளில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்க வேண்டும். பசும்பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். உணவங்காடியில் விற்கும் சோயா பானத்தை இதற்கு நம்ப முடியாது. அதில் சர்க்கரைதான் தாராளம். பாதாம் பாலில் புரதம் 100 மில்லிக்கு அரை கிராம் அளவுதான் இருக்கும், பசும்பாலில் மூன்று கிராமுக்கு மேல். அரிசிப் பாலை ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது; அரிசியிலுள்ள ஆர்செனிக்தான் காரணம்.

திரும்பக் கொடுக்காமல் விட்டுவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் மாறாத தவறு இது. எரிச்சலூட்டுவதும் இதுதான்.

வழக்கமாக நடப்பது இப்படி. நான்கு வயதில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பால் நிறுத்தப்பட்டது. சரியானது. அதோடு விஷயம் முடிந்தது. மூன்று ஆண்டுக்குப் பிறகு தொடக்கநிலை ஒன்றில் சேரும்போது படிவத்தில் "பால் ஒவ்வாமை" என்று எழுதுகிறார்கள். யார் கண்டறிந்தது என்று கேட்டால் பதில் இல்லை. வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடல் சிறிது காலம் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க முடியாமல் தடுமாறுவது சகஜம்; சில வாரங்களில் தானாகச் சரியாகும். சில வாரத்துக்காக மூன்று ஆண்டு.

உணவை நிறுத்துவது சோதனையில் பாதிதான். எக்ஸிமா தானாகவே கூடும், குறையும். நிறுத்திய அதே வாரத்தில் புது களிம்பு வந்திருக்கும், பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும், பாலோடு சேர்ந்து ஐஸ்கிரீமும் கிரீம் பிஸ்கட்டும் போயிருக்கும். இவற்றில் எது வேலை செய்தது? திரும்பக் கொடுத்து, தொந்தரவு திரும்ப வந்தால்தான் அந்த உணவின் மீது பழி போட முடியும். "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு வீண் வம்பு" என்கிற பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை உண்டு.

இருநூறு மில்லி பால் என்றால் ஆறரை கிராம் புரதம், சுமார் 240 மில்லிகிராம் கால்சியம். ஈடு இல்லாமல் இரண்டு கோப்பை போனால், நெத்திலியும் கேழ்வரகும் விரும்பித் தின்னும் பிள்ளைக்குச் சமாளிக்கலாம். அப்படித் தின்னும் பிள்ளையாக இருந்தால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். இரண்டாவது, இதுதான் ஆபத்தானது: எக்ஸிமா உள்ள பிள்ளைகளில் சிலருக்கு, தினமும் சாப்பிட்டுவந்த உணவை நீண்ட நாள் நிறுத்தினால் உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும். முன்பு அரிப்பு மட்டும் தந்த உணவு, திரும்பக் கொடுக்கும்போது உடனடி ஒவ்வாமையாக வெடிக்கலாம். அதனால் எக்ஸிமா பிள்ளைக்கு நிறுத்தும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். பல மாதம் நிறுத்தியாகிவிட்டது என்றால் வீட்டில் கொடுத்துப் பார்க்கவே வேண்டாம். மூன்றாவது, அடம் பிடிக்கும் பிள்ளைக்கே உரியது: ஆறு மாதம் கண்ணில் படாத முட்டை அவர்களுக்குப் புது உணவு. புது உணவை ஏற்க பத்து, பதினைந்து முறை தட்டில் பார்க்க வேண்டியிருக்கும். காரணமே இல்லாமல் ஓர் உணவைத் தொலைத்துவிட்டு அதைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் போராட வேண்டும்.

ஆகவே நிறுத்துகிற நாளைக் காலண்டரில் குறிக்கும்போதே, திரும்பக் கொடுக்கிற நாளையும் குறித்துவிடுங்கள். உடனடி ஒவ்வாமை இல்லை என்று மருத்துவர் சொன்ன பிள்ளைக்குப் பாலைப் பெரும்பாலும் இப்படித் திரும்பக் கொடுக்கலாம்: முதல் நாள் 15 மில்லி, அடுத்தடுத்த நாட்களில் 30, 60, 120, ஐந்தாம் நாள் 200. பிறகு மூன்று நாள் அதே 200. மெதுவான தொந்தரவு தெரிய எழுபத்திரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்பதால்தான் அந்த மூன்று நாள். காலையில் கொடுங்கள், இரவில் கொடுத்துவிட்டுத் தூங்கினால் ஒன்றும் தெரியாது. காய்ச்சல், சளி, புது மருந்து, புது களிம்பு இருக்கும் வாரத்தில் தொடங்க வேண்டாம். எது நடந்தால் நிறுத்துவது என்பதை முன்பே எழுதுங்கள்: வலி எண் 5க்கு மேல், அல்லது ஒரே நாளில் மூன்று முறை தண்ணியாக மலம், அல்லது படத்தில் தெரியும் அளவுக்குத் தோல் சிவப்பு.

இங்கே இரண்டு இடறல்கள். பிள்ளை கோப்பையைத் தள்ளிவிடுவது ஒத்துக்கொள்ளாமை அல்ல, வெறும் அடம். நோட்டில் அதைத் தனியாகக் குறியுங்கள். அடுத்தது, "பால் உனக்கு ஆகாது" என்று ஒரு மாதமாகக் கேட்ட பிள்ளை முதல் மடக்கிலேயே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். நடிப்பு என்று திட்டாதீர்கள், உண்மையிலேயே வலிக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "வலிக்குதாம்மா?" என்று கேட்பதை நிறுத்தினாலே பாதி குறையும்.

தொந்தரவு வந்தால் நிறுத்தி, முழுக்க அடங்கிய பிறகு இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். இரண்டு முறையும் அதே தொந்தரவு என்றால் சந்தேகம் வலுக்கிறது. நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். அப்போதும் முழு விலக்கு என்று அர்த்தமில்லை. லாக்டோஸ் சிக்கல் என்றால் அளவுதான் முக்கியம். ஒரு கிண்ணம் தயிரும் அரைக் கோப்பை பாலும் பலருக்கு ஒன்றும் செய்யாது. பால் புரதத்துக்கு ஒவ்வாமை என்றால் லாக்டோஸ் நீக்கிய பால் உதவாது, புரதம் அதில் அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து விலை கூடிய பாலை வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

தொந்தரவு வராவிட்டால், பால் அன்றே சமையலறைக்குத் திரும்ப வேண்டும். பள்ளிப் படிவத்தையும் திருத்துங்கள்.

ஐஜிஜி ரத்தப் பரிசோதனை

உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டுபிடிக்க என்று விற்கப்படும் பரிசோதனை இது. நூறு உணவுப் பட்டியல் வரும். அது காட்டுவது பிள்ளை எதைச் சாப்பிட்டது என்பதைத்தான். செய்யாமல் விட்டால் பணம் மிச்சம்.

ஆட்டுப்பால்

மாற்று அல்ல. பசும்பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதுவும் ஆகாது.

பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்துவது

சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களிலுள்ள பசையம், அதாவது குளூட்டன், குடலைப் பாதிக்கும் நோய்) சந்தேகம் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

வாயைச் சுற்றிச் சிவப்பு

தக்காளி, ஆரஞ்சு சாப்பிட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவந்து, அரை மணியில் மறைந்தால் பெரும்பாலும் அது அமிலம் தோலில் பட்ட எரிச்சல். சாப்பிடுமுன் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும். இதற்காகப் பழத்தை நிறுத்தாதீர்கள், அந்தப் பிள்ளை சாப்பிடும் ஒரே பழம் அதுவாக இருக்கலாம்.

நம் அடுக்களையில் ஒளிந்திருப்பவை

கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு. சாம்பாரும் ரசமும் அரிசிச் சோறுதானே என்று கொடுத்துக்கொண்டே, "கோதுமையை நிறுத்தியும் பலனில்லை" என்பார்கள். ரவையும் சேமியாவும் பெரும்பாலும் கோதுமை. சோயா சாஸில் கோதுமை, பெலாச்சானில் இறால், கயாவில் முட்டை. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பால். "அது பால் இல்லையே, பவுடர்தானே" என்பது தாத்தாக்கள் கட்சி. பரோட்டா மாவில் கடைக்குக் கடை நெய், மார்ஜரின், கட்டிப்பால், முட்டை எதுவும் சேரலாம். நெய்யில் பால் புரதம் துளி இருக்கும்: லாக்டோஸ் பிள்ளைக்குப் பரவாயில்லை, புரத ஒவ்வாமைப் பிள்ளைக்குக் கூடாது.

சிங்கப்பூரில் பொட்டலமிட்ட உணவில் பசையம் உள்ள தானியம், பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, நிலக்கடலை, சோயா, கொட்டைகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். உணவங்காடித் தட்டில் லேபிள் கிடையாது. சோதனை நடக்கும் வாரங்களில் வெளிச்சாப்பாட்டைக் குறையுங்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் தொடங்குவது

வேண்டாம். சீனப் புத்தாண்டும், ஊருக்குப் போகும் ஜூன் விடுமுறையும் அப்படியே.

ஊட்டுகிற கைகளை மறப்பது

பிள்ளைக்கு யார் யார் உணவு கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: அம்மா, அப்பா, பாட்டி, இல்லப் பணிப்பெண், பாலர் பள்ளி. ஐந்து பேரில் ஒருவர் "ஒரு வாய்தானே" என்றால் நான்கு வாரமும் போச்சு. பாட்டியிடம் "கொடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னால் அது வேலைக்கு ஆகாது. எதைக் கொடுக்கலாம் என்று ஒரு டப்பா நிரப்பி அவர் கையிலேயே கொடுங்கள். எத்தனை நாளைக்கு என்றும் சொல்லுங்கள், முடிகிற தேதி தெரிந்தால் ஒத்துழைப்பார். பணிப்பெண்ணுக்குப் பட்டியலைத் தமிழில் ஒட்டிப் பயனில்லை. அவர் படிக்கும் மொழியில், பொட்டலங்களின் படத்தோடு ஒட்டுங்கள். பாலர் பள்ளியில் மருத்துவர் குறிப்பைக் கொடுங்கள். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் கேக் வரும், போகும்போது இனிப்புப் பையும் வரும். உங்கள் பிள்ளை சாப்பிடக்கூடிய பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் பெயர் எழுதி ஆசிரியரிடம் முன்பே கொடுத்து வையுங்கள், பையை வீட்டில்தான் பிரிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.