பைக்குக்கு வேறு சீட் போடும்போது கட்டை விரலை நம்பாதீர்கள்

சீட் மாற்றப் போகிற எல்லாரும் கடையில் செய்வது ஒன்றுதான். கட்டை விரலால் ஓர் அமுக்கு. விரல் உள்ளே போனால் 'நல்ல குஷன்', போகாவிட்டால் 'கல்லு மாதிரி இருக்கு'. அப்புறம் ஸ்டாண்டு போட்ட வண்டியில் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படி ஒன்று வாங்கினேன். தென்காசியிலிருந்து கொல்லம் ஏறக்குறைய நூறு கி.மீ., மாதத்தில் ரெண்டு தடவையாவது போய் வருகிறவன் நான். புது சீட்டில் முதல் தடவை புளியரை எஸ் வளைவு ஏறும்போது சோபாவில் போவது போலத்தான் இருந்தது, ஆரியங்காவில் டீ குடிக்க இறங்கினபோதுகூட ஒன்றும் தெரியவில்லை. புனலூர் தாண்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தேன். கொட்டாரக்கரை வரும்போது ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று ஓட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? உள்ளங்கையை அடியில் வைத்துக்கொண்டு ஒரு பலகையில் உட்கார்ந்து பாருங்கள், ரெண்டு எலும்பு முனைகள் கையில் குத்தும். உட்கார்ந்திருக்கும்போது உடம்பைத் தாங்க வேண்டியவை அவைதான். மெத்து மெத்தென்ற ஃபோம் அந்த ரெண்டு முனைகளுக்கும் கீழே கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, ஒரு மணி நேரத்தில் சீட்டின் அடித்தகடுவரை இறங்கிவிடுகிறது. நடுவில் இருக்கிற ஃபோம் மேலே பிதுங்கி, எலும்பு சுமக்க வேண்டிய பாரம் அங்கே இருக்கிற மெல்லிய சதைக்கும் நரம்புக்கும் போய்விடும். வலிக்கு அது ஒரு காரணம், மரத்துப்போவதற்கும் அதுதான். (வண்டியை விட்டு இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் மரமரப்பு போகவில்லை என்றால் சீட் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.) விரலுக்குக் கொஞ்சம் முறைத்துக்கொள்கிற ஃபோம்தான் ரெண்டாவது மணி நேரத்திலும் உங்களோடு இருக்கும். முதல் சில நூறு கி.மீ. அது முரண்டு பிடிக்கும், பழக விட வேண்டும்.

கடையில் '40 டென்சிட்டி, 50 டென்சிட்டி' என்று சொல்வார்கள், அதைக் கேட்டு மயங்குவது அடுத்த தவறு. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. ஃபோம் எத்தனை நாள் ஷேப் மாறாமல் இருக்கும் என்று அதை வைத்து ஓரளவு சொல்லலாம், உட்கார்ந்தால் கெட்டியா மெத்தா என்று சொல்ல முடியாது. ஒரே டென்சிட்டியில் கெட்டியும் உண்டு, மெத்தும் உண்டு. துண்டு துணுக்குகளை ஒட்டிச் செய்கிற ரீபாண்டட் ஃபோமை முழு சீட்டுக்கும் போட்டால் பலகையில் உட்கார்ந்த மாதிரிதான், அடியில் ஓர் அடுக்கு என்றால் சரி.

சரி, அதற்கும் முன்னால் ஒன்று. குற்றம் சீட் மேல்தானா என்று பார்க்காமலே மாற்றுகிறவர்கள் ஏராளம். பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்துக்கொண்டு இருநூறு கி.மீ. ஓட்டிவிட்டு ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது என்றால் சீட் என்ன செய்யும்? ஜீன்ஸின் தடித்த தையல், தொடை இடுக்கில் மடிந்து கிடக்கிற உள்ளாடை, இவையும் அப்படியே. பின்பக்க ஷாக் அப்சார்பர் உங்கள் எடைக்குத் தக்கபடி செட் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். டாரஸ் லாரிகள் ஓடி ஓடி மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிற ரோட்டில் ஷாக் செய்ய வேண்டிய வேலையைச் சீட் செய்யாது.

அந்த சோபா சீட்டையும், பழைய சாமான் கடையில் வாங்கின அதே மாடல் சீட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடைசியில் நான் போனது புனலூர் பக்கம் ஒரு சின்ன குஷன் கடைக்கு. அந்தச் சேட்டன் ஃபோமைக் காட்டவே இல்லை. ஏதோ டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஸ்டூல் மேல் போட்டு, உட்காரச் சொன்னார், முட்டியைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னார். எழுந்ததும் அட்டையில் ரெண்டு குழி. சாக்பீஸால் வட்டம் போட்டு நடுவுக்கு நடு டேப் வைத்தார், 13 செ.மீ. "அண்ணாச்சி, இந்த ரெண்டு இடமும் சீட்டோட பரந்த இடத்தில வரணும், ஓரத்தில வந்தா எந்த ஃபோம் போட்டும் காரியமில்லை" என்றார். நான் வாங்கியிருந்த சீட்டில் ரெண்டும் சரியாக விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன. சோபா மாதிரி இருந்ததன் ரகசியம் அதுதான். பழைய சாமான் கடை சீட்டை வெட்டி ஒட்டி, கிரைண்டரில் டிஸ்க் மாட்டி இழைத்து, ரெக்சின் போடாமலே வண்டியில் வைத்து உட்கார்த்தினார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். "இப்ப சொல்ல வேண்டா, தென்மலை வரை ஓடிட்டு வந்து சொல்லு." வெறும் ஃபோம் மேல் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போய் வந்தேன். தொடை உரசுகிற இடத்தில் இன்னும் ஒரு சீவல்.

பின்னால் அகலம் வேண்டும் என்றதும் முன்னாலும் அகலமாக வாங்கிவிடாதீர்கள். டேங்க் பக்கம் அகன்றால் தொடை விரிந்து கால் தரைக்கு எட்டாது, மலை வளைவில் லாரிக்கு ஒதுங்கி நிற்கும்போதுதான் அது தெரியும். உயரமும் விளையாட்டில்லை. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 பைக்கில் சீட்டை 825, 845 மி.மீ. என்று ரெண்டு உயரத்தில் வைக்கலாம், வித்தியாசம் 20 மி.மீ. மட்டும், அதற்கே கம்பெனி தனியாக வழி வைத்திருக்கிறது என்றால் பாருங்கள். சீட் ஏறினால் முட்டிக்கு நல்லது, ஆனால் கைப்பிடி கீழே போன மாதிரி ஆகி மணிக்கட்டில் பாரம் விழும். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்கில் போய் முட்டுவீர்கள். குழி மாதிரி இடுப்பைப் பிடித்து வைக்கிற சீட் படத்தில் அழகாக இருக்கும். நீண்ட ஓட்டத்துக்கு இரண்டு அங்குலமாவது முன்னே பின்னே நகர இடம் வேண்டும், ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எந்த ராஜ சிம்மாசனமும் வலிக்கும்.

ஜெல் பேட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் வெயிலுக்கு எனக்கு அது பிடிக்கவில்லை. நிறுத்திவைத்த வண்டியில் ஜெல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் விடாது, கறுப்பு ரெக்சினும் சேர்ந்தால் தோசைக்கல். காற்றடைத்த குஷன் நல்லதுதான், ஆனால் எல்லாரும் புடைக்கப் புடைக்க ஊதிவிடுகிறார்கள், பந்து மேல் உட்கார்ந்த மாதிரி வளைவில் ஆடும். உட்கார்ந்த பிறகு காற்றைத் திறந்துவிட்டு, அடி தட்டாத அளவுக்கு மட்டும் விட்டுவைத்தால் போதும். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம், 'இரும்புப் புட்டம்' என்றே பெயர், 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,600 கி.மீ.க்கு மேல் ஓட்டினவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அந்த மாதிரி தூரம் ஓட்டுகிறவர்களில் சிலர் சீட் மேல் போடுவது நம் டாக்சிக்காரர்கள் போடுகிற அதே மரமணி விரிப்பு. அடியில் காற்றுப் போவதால் வேர்வை தங்காது. விலையும் சொற்பம்.

எங்கள் ஊர்ப்பக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது சாரல். ஜூனில் ஆரம்பித்தால் ஆகஸ்டு வரை வண்டி நனைந்தபடிதான் நிற்கும். உட்காருகிற இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்ட டிசைன் சீட் பார்க்க ஜோராக இருக்கும், ஒவ்வொரு ஊசித்துளையும் தண்ணீர் போகிற வழி. மழை விட்டு ரெண்டு நாள் கழித்தும் உட்கார்ந்தால் பேண்ட் நனையும், அப்புறம் பூசண நாற்றம். தையல் ஓரத்தோடு நிற்கட்டும், ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று போடச் சொல்லுங்கள். ரெக்சினைச் சுருக்கமே இல்லாமல் இழுத்து அடிக்கச் சொல்வதும் தவறு. மேளத்தோல் மாதிரி விறைத்தால் கீழே எந்த ஃபோம் இருந்தும் புண்ணியமில்லை.

பின்னால் உட்காருகிறவரைக் கேட்காமல் வாங்குவது வீட்டில் சண்டையில் முடியும். என் மனைவி முதல் சீட்டில் ஒரே ஒரு தடவை குற்றாலம்வரை வந்தாள். அப்புறம் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வண்டியோடு வந்த சீட்டை மட்டும் வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். பழைய சாமான் கடையில் அதே மாடல் சீட் ஒன்றை அடித்தகடோடு வாங்கி அதில் வேலை செய்யச் சொல்லுங்கள். அடியில் ரப்பர் புஷ்கள் எல்லாம் இருக்கிறதா, பூட்டு ஒரே அழுத்தில் விழுகிறதா, டூல்கிட் பழைய இடத்தில் அடங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். என்னுடைய ஒரிஜினல் சீட் பரணில் இருக்கிறது. அந்த சோபா சீட்டும் அங்கேதான் இருந்தது, இப்போது அதில் பூனை படுக்கிறது.