கோளரங்கத்தில் கச்சேரி: முதலில் காது, அப்புறம் கண்

ஏசி, சாய்வு நாற்காலி, கும்மிருட்டு, தலைக்கு மேல் அரைக்கோளத் திரை. ஒரு புது அரங்கில் இவற்றையெல்லாம் அமைக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கான பகல் காட்சிகள் முடிந்ததும் பல கோளரங்குகள் பூட்டியே கிடக்கின்றன. அந்த மாலை நேரத்தைக் குறைந்த செலவில் கச்சேரிக்குப் பயன்படுத்தும் வழி இது.

கோளரங்கில் இசை புதிதல்ல. சான் பிரான்சிஸ்கோவின் மாரிசன் கோளரங்கில் 1957-லேயே ஹென்றி ஜேக்கப்ஸும் ஜோர்டான் பெல்சனும் 'வோர்டெக்ஸ்' நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். 1973-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் வான்காட்சியகத்தில் லேசர் காட்சிகள் தொடங்கின. ஆனால் அங்கெல்லாம் ஒலித்தது பெரும்பாலும் பதிவு செய்த இசை. ஆள் உட்கார்ந்து பாடினால் கதையே வேறு. குவிமாடம் கண்ணுக்கு எவ்வளவு நல்லதோ, காதுக்கு அவ்வளவு தொல்லை. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை ஒலிக்கே ஒதுக்குங்கள்.

கைதட்டிப் பாருங்கள்

அரைக்கோளம் ஒலியைக் குழியாடி போலக் குவிக்கும். 15 மீட்டர் விட்டமுள்ள மாடத்தின் நடுவில் கிளம்பும் ஒலி 7.5 மீட்டர் போய் முட்டி, அதே 7.5 மீட்டர் திரும்பி வரும். இதற்கு ஏறக்குறைய 44 மில்லிநொடி ஆகும். மிருதங்கக்காரர் நடுவில் உட்கார்ந்தால் தான் வாசிக்கும் ஒவ்வொரு அடியையும் இரண்டாவது முறை கேட்பார். துரித காலத்தில் வாசிப்பே குழம்பிவிடும். அதனால் கலைஞர்களை நடுவில் உட்காரவைக்காதீர்கள். முன் ஓரத்தில் 4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 20 செ.மீ. உயரத்தில் ஒரு மேடை போட்டு, அதன்மேல் தடித்த ஜமுக்காளம் விரியுங்கள். நடுவில் நட்சத்திர புரொஜெக்டர் நிற்கும் அரங்குகளில் வேறு வழியும் இல்லை.

ஓரத்துக்குப் போனால் குவியும் இடமும் நேர் எதிர்ப்பக்கத்துக்கு நகரும், அதாவது பின்வரிசைகளுக்கு. ஒருவர் மேடையில் நின்று கைதட்டட்டும். இன்னொருவர் வரிசை வரிசையாக உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்யட்டும். அலைவடிவத்தில் 30 மில்லிநொடிக்குப் பிறகு முதல் கூர்முனைக்கு இணையான உயரத்தில் இன்னொரு கூர்முனை தெரிந்தால், அங்கே எதிரொலியைக் குறைக்கும்வரை அந்த இருக்கைக்கு டிக்கெட் விற்கக் கூடாது.

எதிரொலியைக் குறைக்கிறோம் என்று மாடத்தைத் தொடவே வேண்டாம். துணி கட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் திரையைக் கெடுத்துவிடும். மாடத்தின் விளிம்புக்குக் கீழே உள்ள சுவர்தான் நம் கைக்கு எட்டுவது. 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் அளவில், 50 மி.மீ. தடிமனுள்ள ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு அல்லாத பாறை இழைப் பஞ்சு) பலகைகளைத் தீப்பிடிக்காத கறுப்புத் துணியில் சுற்றி, சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். பின்பாதிச் சுவருக்கு 12 முதல் 16 பலகை போதும். சாதாரண மெத்தை ஃபோம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும் என்பதால் அது கூடவே கூடாது.

மாடம் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் பொடிப்பொடியாகத் துளைகள் தெரிகிறதா? அப்படியானால் அது துளையிட்ட அலுமினியத் தகடு. கொஞ்சம் ஒலியைப் பின்னால் கடத்திவிடும். பழைய சுண்ணப்பூச்சு மாடம் என்றால் விழும் ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பி வரும். அங்கே வீணை, புல்லாங்குழல், கஞ்சிரா என்று மென்மையான சிறு குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தவில், நாதஸ்வரம், டிரம் செட் எந்த மாடத்துக்கும் ஒத்துவராது.

ஸ்பீக்கர்

மேடையின் இருபுறமும் 8 அல்லது 10 அங்குல பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பது) ஒவ்வொன்று வையுங்கள். ஸ்டாண்டை உட்கார்ந்தவர் தலைக்குச் சற்று மேலே நிறுத்தி, முகத்தைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். மேலே போகும் ஒலியெல்லாம் தொல்லையாகத்தான் திரும்பும். இந்த விஷயத்தில் மிக மோசம், கலைஞர் தன் ஒலியைத் தானே கேட்கத் தரையில் கிடத்தி மேல்நோக்கி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர். அது நேராக மாடத்தைத்தான் அடிக்கும். கலைஞர்களுக்கு இயர்போன் மானிட்டர் கொடுங்கள். சப்-ஊஃபர் வேண்டாம். மிக்ஸரில் செயற்கையாக முழக்கம் சேர்க்கும் ரிவெர்ப் முழுவதையும் அணைத்துவிடுங்கள்; சவுண்டுக்காரர் முணுமுணுத்தாலும் விடாதீர்கள். நடு இருக்கையில் சராசரி 85 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம்.

மாடத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஏற்கெனவே சில ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். கரகரவென்றால் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் உதிர்ந்திருக்கும். தேறியவற்றில் பாட்டை அனுப்பாதீர்கள், தம்புராவை மட்டும் மெல்லிதாக அனுப்புங்கள். தம்புராவில் மிருதங்கம் போல வெட்டுவெட்டான அடி இல்லை, தொடர் ஒலிதான். அதனால் எதிரொலி அதைக் கெடுக்காது. குரல் முன்னாலிருந்தும் சுருதி நாலாபுறமிருந்தும் வரும்போது, கேட்பவர் சுருதிக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் இந்த அனுபவத்துக்காகவே இந்த முயற்சி தகும்.

ஒத்திகைக்கு முன் ஒற்றைச் சுரத்தை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, அதை 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஏதாவது ஒரு தகடோ ரிவெட்டோ கிடுகிடுக்கும். எந்த ஹெர்ட்ஸில் என்று குறித்துக்கொண்டு ஈக்வலைசரில் அந்த இடத்தைக் குறையுங்கள். வீணையில் ஒட்டும் பிக்கப் மைக்கை டிஐ பாக்ஸ் (வாத்தியத்தை மிக்ஸரோடு இரைச்சலின்றி இணைக்கும் சிறு பெட்டி) வழியாக எடுத்து, மிக்ஸருக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து கரன்ட் கொடுத்தால் பெரும்பாலும் 'ம்ம்' என்ற கரன்ட் இரைச்சல் வராது.

வானம்

கணினி வழி புரொஜெக்ஷன் உள்ள அரங்கில் வானத்தைக் காட்டும் இலவச மென்பொருளான ஸ்டெல்லேரியமே போதும். வானம் முழுவதையும் ஒரே வட்டமாகக் காட்டும் ஃபிஷ்ஐ முறையைத் தேர்ந்து, 'ஏ' விசையால் வளிமண்டலத்தையும் 'ஜி' விசையால் தரையையும் அணையுங்கள். 'எல்' விசை காலத்தை வேகப்படுத்தும், 'ஜே' மெதுவாக்கும், 'கே' இயல்பு வேகத்துக்குத் திருப்பும். வானம் ஒரு முழுச் சுற்று வர 3 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சாய்ந்து படுத்திருப்பவருக்குத் தலைசுற்றும். தயார்ப் படங்கள் வேண்டுமென்றால் ஐரோப்பிய தெற்கு வான்காட்சியகத்தின் முழுமாடக் காட்சிகளைப் பெயர் குறிப்பிட்டு இலவசமாகப் பயன்படுத்தலாம். சொந்தமாகச் செய்பவர்கள் சதுரக் கோப்பில் முழு வட்டமாக, 2048 பிக்சலுக்குக் குறையாமல் செய்யுங்கள்.

வெள்ளை நிறைந்த படங்களைத் தவிருங்கள். ஒருபக்க வெளிச்சம் மறுபக்கத் திரையில் பட்டு, கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். மேடை விளக்கும் அப்படித்தான்: கலைஞருக்கு ஒன்றிரண்டு குறுகிய வார்ம் விளக்கு, மேலிருந்து கீழாக, மேடையில் கறுப்பு விரிப்பு. வெள்ளை வேட்டி சட்டைகூட வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். அடர் நிற உடை நல்லது. கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். ஆகவே முதல் ஆலாபனையை அந்தி வெளிச்சத்தில் தொடங்கி, ராகம் விரிய விரிய இருட்டுங்கள்.

புகை மெஷின் வேண்டவே வேண்டாம். லென்ஸில் படலம் படியும், தீ அலாரமும் அடிக்கும். நட்சத்திர புரொஜெக்டரைப் பயன்படுத்தாதபோது மூடி வையுங்கள். அதைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குள் ஒயரோ ஆளோ கூடாது. வெளியேறும் வழி விளக்குகளை எக்காரணம் கொண்டும் மறைக்காதீர்கள். உதவியாளர் கையில் சிவப்பு டார்ச் இருக்கட்டும்.

அனுமதியும் கட்டணமும்

இயக்குநருக்குக் கடிதம் எழுதும்போதே அரைநாள் ஒத்திகையையும் ஆபரேட்டரின் கூடுதல் நேர ஊதியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஆபரேட்டர் மனது வைத்தால்தான் எதுவும் நடக்கும். தியாகராஜர் கிருதிகளுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. சினிமாப் பாட்டு என்றால் ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கம்) உரிமம் தேவை. ஒருவருக்கு 500 ரூபாய் வரையான இசை நிகழ்ச்சிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. இருந்தாலும் அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 300 ரூபாய் வீதம் 120 இருக்கை விற்றால் 36,000 ரூபாய். கலைஞர், ஒலி, ஆபரேட்டர், வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு, 70 நிமிடம், இடைவேளை இல்லை. நடுவில் கதவு திறந்தால் எல்லார் கண்ணும் பழையபடி கூசிவிடும். எனவே தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை என்பதை டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள்.

முடிந்ததும் விளக்கை ஒரேயடியாகப் போடாமல் இரண்டு நிமிடத்தில் ஏற்றுங்கள். பல்பு வகை புரொஜெக்டர் என்றால் ஃபேன் தானாக நிற்கும்வரை மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். சூட்டோடு கரன்ட்டை நிறுத்தினால் பல்பின் ஆயுள் குறையும்.