லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ரைட் கிளிக் மெனுவை மாற்றி அமைப்பது

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் செய்கிறவர்களுக்கும், காட்பாடி, குடியாத்தத்தில் பத்திரம் அடிக்கிறவர்களுக்கும் பாதி வேலை காப்பி, பேஸ்ட்தான். மெயிலிலோ வெப்சைட்டிலோ எடுத்ததை அப்படியே ஒட்டினால் அங்கிருந்த ஃபான்ட், சைஸ், கலர் எல்லாம் கூடவே வந்துவிடும். வெறும் எழுத்தை மட்டும் ஒட்டும் வசதி, லிப்ரே ஆபீஸின் டைப்பிங் மென்பொருளான ரைட்டரில் உண்டு. அது பேஸ்ட் ஸ்பெஷலுக்குள் கிடக்கிறது. அதை ரைட் கிளிக் மெனுவின் தலைக்கே கொண்டுவந்துவிடலாம்.

டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் திறந்து, கான்டெக்ஸ்ட் மெனுஸ் டேபுக்குப் போங்கள். ஸ்கோப்பில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்று இருக்கட்டும். அங்கே ஃபைல் பெயரைத் தேர்ந்தெடுத்தால் மாற்றம் அந்த ஃபைலோடு சரி. அதையும் வேர்டு ஃபார்மட்டான டாக்எக்ஸாக (.docx) சேவ் செய்தால் போய்விடும், ரைட்டரின் சொந்த ஃபார்மட்டான ஓடிடியில்தான் (.odt) நிற்கும்.

அதற்குக் கீழே டார்கெட். பலரும் தடுமாறுவது இங்கேதான். ரைட்டரில் ரைட் கிளிக் மெனு ஒன்றல்ல. டெக்ஸ்டுக்கு ஒன்று, டேபிளுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. டெக்ஸ்டில் மட்டும் சேர்த்துவிட்டு, சொத்து விவர டேபிளுக்குள் கிளிக் செய்து 'காணோமே' என்று தேடக் கூடாது. இரண்டிலும் சேருங்கள்.

இடது பக்கம் சர்ச் பெட்டியில் 'அன்ஃபார்மேட்டட்' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் பேஸ்ட் அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட் வரும். அதைத் தேர்ந்து, வலது அம்புக்குறியால் மெனுவுக்குள் அனுப்பி, மேல் அம்புக்குறியால் முதலிடத்துக்கு ஏற்றுங்கள். மாடிஃபை பட்டனில் ரீநேம் கொடுத்து 'வெறும் எழுத்து ஒட்டு' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம்; புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் பார்த்தவுடன் புரியும். இன்சர்ட் பட்டனில் செப்பரேட்டர் கொடுத்தால் கீழே ஒரு கோடு விழும். ஓகே.

சேர்த்த பிறகும் மெனு வரவில்லையா? சொல்லுக்குக் கீழே சிவப்பு நெளிகோடு இருக்கிறதா பாருங்கள். எழுத்துப்பிழை காட்டும் சொல்லின் மேல் கிளிக் செய்தால் வருவது ஸ்பெல்லிங் மெனு. உங்கள் மெனு அல்ல. ஷிஃப்ட், எஃப்7 சேர்த்து அழுத்தினால் அந்தக் கோடுகள் மறையும்.

பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்த மேட்டரை இந்தக் கட்டளையால் யூனிகோட் ஃபைலில் ஒட்டாதீர்கள். அதன் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. ஃபான்ட் கழன்றதும் தமிழ் போய் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் வெவ்வேறு லாகினில் வேலை செய்தால், இருவரும் தனித்தனியே அமைக்க வேண்டும். கைதவறி ஏதாவது நீக்கிவிட்டால் ஓகே கொடுக்கும் முன் ரீசெட் போதும். டிஃபால்ட்ஸ் பட்டனோ, அந்த டார்கெட்டில் நீங்கள் முன்பு சேர்த்ததையும் சேர்த்தே துடைத்துவிடும்.