வீட்டுத் தோட்டத்துக்கு மொனார்க் வண்ணத்துப்பூச்சியை அழைப்பது எப்படி?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறீர்களா? நல்ல வெயில் விழும் நாலடி மண் இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். நான் நியூ ஜெர்சியில் செய்துவருவதை வைத்துச் சொல்கிறேன்.

1. அடையாளம்

ஆரஞ்சு இறக்கை, கறுப்பு நரம்புகள், ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். இதே சாயலில் வைஸ்ராய் என்று இன்னொன்று உண்டு, கொஞ்சம் சிறியது. பின்னிறக்கை நரம்புகளின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு வளைந்து போனால் அது வைஸ்ராய். மொனார்க்குக்கு அந்தக் கோடு கிடையாது.

2. செடி

மொனார்க் புழுவுக்குச் சாப்பாடு மில்க்வீட் இலை மட்டும்தான். நம் ஊர் எருக்குக்கு உறவுக்காரச் செடி; கிள்ளினால் அதே மாதிரி பால் வடியும். அந்தப் பாலின் நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்வதால்தான் பறவைகள் அதைத் தின்னத் தயங்குகின்றன. பால் உங்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈர மண்ணுக்கு ஸ்வாம்ப் மில்க்வீட், காய்ந்த மண்ணுக்கு பட்டர்ஃப்ளை வீட். காமன் மில்க்வீட் வேரோடிப் பரவும், சின்ன இடத்துக்கு வேண்டாம். டிராப்பிகல் மில்க்வீட் இந்த மண்ணின் செடி அல்ல. ஃப்ளோரிடா போன்ற வெப்பமான இடங்களில் அது குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் நிற்பதால், மொனார்க்கை நோயாளியாக்கும் ஒட்டுண்ணி அதன் இலைகளில் சேர்ந்துவிடுகிறது.

வாங்கும்போது பூச்சிமருந்து போட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். முதல் வருடம் நான் கேட்கவில்லை. ஒரு நர்சரியில் வாங்கிய செடியில் ஏழு புழுக்கள் வந்தன. இரண்டாம் நாள் பச்சையாகக் கக்கிச் சுருண்டு கிடந்தன. செடிக்குள்ளேயே மருந்து ஏறியிருந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் இப்போது விதையிலிருந்தே வளர்க்கிறேன். குளிர் பட்டால்தான் விதை நன்றாக முளைக்கும். ஈரமான பேப்பர் டவலில் சுற்றி, பையில் போட்டு, 30 நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இல்லையேல் நவம்பரில் மண்ணிலேயே தூவிவிடுங்கள், மற்றதைப் பனி பார்த்துக்கொள்ளும்.

3. முட்டையும் புழுவும்

இலையைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலையளவு, பால் வெள்ளையில் ஒற்றை முட்டை. நாலைந்து நாளில் பொரியும். புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டைகளோடு இரண்டு வாரத்தில் விரல் நீளம் வளர்ந்து, தூண்டில் முள் போல வளைந்து தலைகீழாகத் தொங்கும். பிறகு பச்சைக் கூடு. அதன் மேல் தங்கப் பொட்டுகள், நிஜமாகவே மின்னும். கூடு கண்ணாடி போலாகி ஆரஞ்சு இறக்கை தெரிந்தால் ஒரு நாளுக்குள் வெளியே வந்துவிடும்.

தண்டில் மஞ்சள் அசுவினி அப்பும். மருந்து அடிக்காதீர்கள். பக்கத்தில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விரலால் வழித்துவிடுங்கள்.

4. இலையுதிர்காலம்

கோடையின் கடைசித் தலைமுறை முட்டையிடாமல் மெக்சிகோவின் மிச்சோவாக்கான் மலைக்காடுகளுக்குக் கிளம்பும். வடக்கிலிருந்து போகிறவை 4,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. அவை அங்கேதான் தங்குகின்றன என்பதை அறிவியல் உலகம் கண்டறிந்ததே 1975-இல்தான். வழியில் அவற்றுக்குத் தேன் வேண்டும்: ஆஸ்டர், கோல்டன்ராட் இரண்டையும் நடுங்கள். தும்மலுக்குக் கோல்டன்ராடைக் குறை சொல்வார்கள். உண்மையில் அது ராக்வீட் மகரந்தத்தின் வேலை.

மில்க்வீட் காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கியதும் பறித்து, பஞ்சை நீக்கி, விதையைக் காகித உறையில் எடுத்து வையுங்கள். ஒரு காயிலேயே அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கும் அளவு விதை இருக்கும்.