இரண்டாம் வருடமும் உதவித்தொகை வருமா? சேரும்போதே பார்க்க வேண்டியவை

இரண்டாம் வருடக் கட்டணம் கேட்டு கல்லூரியிலிருந்து மெசேஜ் வருவது ஆனி, ஆடியில். அப்போது நம் விவசாய வீடுகளில் கையிலிருந்த காசெல்லாம் குறுவை வயலில் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் போய் "போன வருஷம் கழிச்சீங்களே" என்று கேட்டால் கேஷியர் கம்ப்யூட்டரைப் பார்ப்பாரே தவிர உங்களைப் பார்க்க மாட்டார். அதனால் முதல் வருடம் சேரும்போதே ஒரு கேள்வி: இந்தச் சலுகை படிப்பு முழுக்கவா, இந்த ஒரு வருடத்துக்கா?

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது தனியார் கல்லூரிகள் தாங்களாகத் தரும் சலுகையில்தான். பிளஸ் டூ மார்க்கைப் பார்த்து பாதிக் கட்டணம் என்பார்கள், நோட்டீஸிலும் பெரிதாகப் போட்டிருப்பார்கள், ஆனால் ஒரு அரியர் விழுந்தாலோ வருகைப்பதிவு குறைந்தாலோ அது போய்விடும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எத்தனை வருடம், எவ்வளவு சதவீதம் எடுக்க வேண்டும், பஸ் கட்டணமும் விடுதியும் இதில் சேருமா என்று கல்லூரி லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். தரத் தயங்கினால் சலுகையே இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

அரசு தருவது அப்படிச் சட்டென்று மாறாது. கவுன்சிலிங் வழியாக இன்ஜினியரிங் சேர்ந்தவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை, அதாவது குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்கு வருபவருக்கான சலுகை, 25,000 ரூபாய் வரை வருடா வருடம் கழியும். வீட்டில் ஒருவருக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய், படிப்பை விடாதவரை வரும். மத்திய அரசின் தகுதி உதவித்தொகை வருடம் 12,000. அதற்கு 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும், வருடா வருடம் இணையத்தில் ரினியூவல் போட்டே ஆக வேண்டும். முதல் வருடம் போட்டாச்சே என்று சும்மா இருந்தால் அவ்வளவுதான். கல்விக் கடனும் அப்படித்தான்: மொத்தமாகச் சாங்ஷன் ஆனாலும் மார்க் ஷீட்டும் கட்டண ரசீதும் காட்டித்தான் அடுத்த வருடப் பணம் இறங்கும்.

சரி, காகிதத்துக்கு வருவோம். சாதிச் சான்றிதழ் ஒரு தடவை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் அப்படியில்லை, ஒரு வருடத்தோடு காலாவதியாகிவிடும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனு போட்டால் விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தாலுகா ஆபீஸ் என்று மேலே போகும். இதை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி வந்துவிட்டால் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு, என்ன பயிர் வைத்திருக்கிறோம் என்று காட்டும் அடங்கல் வாங்க ஊரே விஏஓ ஆபீஸ் வாசலில் நிற்கும், அந்தக் கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் மனுவை அவர் எப்போது திறந்து பார்ப்பார்? போதாக்குறைக்கு அடைமழை வேறு.

கடைசியாக வங்கிக் கணக்கு. இரண்டாம் வருடம் எங்கள் அக்கா மகளுக்குப் பணம் நின்றுபோனதும் நாங்கள் கல்லூரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் உதவித்தொகையைக் கவனிக்கும் நோடல் ஆபீஸர் பார்த்துவிட்டு, "பணம் போயிருக்கேம்மா, உன் கணக்குக்குத்தான்" என்றார். விஷயம் இதுதான்: திருவிழாக் கடைத்தெருவில் புது சிம் வாங்கும்போது கைரேகை வைத்தாள், அதோடு ஒரு கணக்கும் திறந்துவிட்டார்கள். அரசுப் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். நீங்கள் பாஸ்புக் நகல் கொடுத்த கணக்குக்குப் போகும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மைஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்; வேறு வங்கி காட்டினால் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், கணக்கை ஆதாரோடு இணைக்கும் ஆதார் சீடிங் படிவம் கொடுங்கள். அக்கா மகளின் பணம் அந்தப் புதுக் கணக்கில் பத்திரமாகத்தான் இருந்தது. எடுக்க ஓடிபி வேண்டும், அது வரும் சிம்மை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டாள். அதே எண்ணைத் திரும்ப வாங்க இன்னும் மூன்று வாரம் அலைந்தோம்.