தங்கி வேலை பழகும் விவசாயம்: சுங்கை சிப்புட் பக்கம் முதல் பாத்தி போடுவது எப்படி?

பண்ணையில் தங்கி, அங்கேயே சாப்பிட்டு, வேலை செய்துகொண்டே விவசாயம் பழக நினைப்பவர்களுக்கு இது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் மாதிரி செம்பனையும் பால்மரமும் சூழ்ந்த ஊர்களின் மண்ணையும் மழையையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். கேமரன் மலைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. முட்டைக்கோஸ், கேரட் ஆசை இருந்தால் மலைக்குத்தான் போக வேண்டும்.

போவதற்கு முன்: பேசி முடிக்க வேண்டியவை

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அங்கிள், எனக்குன்னு தனியா ஒரு பாத்தி விடுவீங்களா?" விதை போடுவதிலிருந்து விற்றுக் காசு வாங்குவது வரை நீங்களே பார்க்கும் பாத்தி அது. அதற்கு இடமில்லை என்றால், வருடம் முழுக்கப் புல் வெட்டினாலும் கையில் தொழில் நிற்காது. சம்பளமில்லாத கூலி ஆகிவிடுவீர்கள்.

அடுத்து, எழுத்தில் வாங்குங்கள். 2023 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, முதலாளியோடு செய்யும் தொழிற்பயிற்சி ஒப்பந்தம் 6 மாதத்துக்குக் குறையக்கூடாது, 24 மாதத்தைத் தாண்டக்கூடாது. கைச்செலவுக்குப் பணம் எவ்வளவு, ஓய்வு நாள் எது, கால் வெட்டுப்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இவை மூன்றும் தாளில் இருக்கட்டும்.

நிலம் யாருடையது என்றும் விசாரியுங்கள். டி.ஓ.எல் எனப்படும் தற்காலிக உரிமத்தில் ஓடும் நிலம் என்றால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் கீரையும் காயும் நன்றாகப் பழகலாம். பழமரம் பழக நினைத்தால் வேறு இடம் பாருங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியது முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். பாம்புக்கு மட்டுமில்லை, தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலுக்கும் அதுதான் காப்பு. டெட்டனஸ் ஊசியைப் போகுமுன் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: தண்ணீரைப் பாருங்கள்

சாயங்கால மழை விட்டதும் குடையோடு ஒரு சுற்று வாருங்கள். எங்கே தண்ணீர் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கிறதோ அங்கே பாத்தி வேண்டாம். செம்பனையை ஒட்டியும் வேண்டாம். நிழல் ஒரு பக்கம், வேர் பாத்திக்குள் நுழைந்து எருவைக் குடிப்பது இன்னொரு பக்கம். பக்கத்துத் தோட்டத்தில் எப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். பாராகுவாட் 2020-இல் தடையானாலும் மற்ற மருந்துகள் காற்றில் வரத்தான் செய்யும்.

பாத்தி

அகலம் 1.2 மீட்டர், நீளம் 6 மீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர், பாத்திகளுக்கிடையே 40 சென்டிமீட்டர் வாய்க்கால். அகலம் கூடினால் நடுவில் கை எட்டாது, மிதிக்க வேண்டி வரும். மிதித்த மண் இறுகிவிடும். உயரம் குறைந்தால் நவம்பர் மழையில் வேர் அழுகும். சரிவான இடத்தில் பாத்தி சரிவுக்குக் குறுக்கே ஓட வேண்டும், இல்லாவிட்டால் மேல்மண் வாய்க்கால் வழியே கீழே போய்விடும்.

நம் பக்கத்துச் செம்மண் பெரும்பாலும் புளிப்பு, புளிப்பைக் காட்டும் பி.எச் அளவு 4 முதல் 5 வரை. காய்கறிக்கு 6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மேலே சொன்ன அளவுப் பாத்திக்கு டோலமைட் சுண்ணாம்புத் தூள் 2 கிலோ தூவி, 15 சென்டிமீட்டர் ஆழம் கிளறிவிடுங்கள். பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். அதற்கப்புறம்தான் மக்கிய கோழி எரு, 15 கிலோ. இரண்டையும் ஒரே நாளில் போடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. சுண்ணாம்பு பட்டதும் எருவிலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் காசு ஆவியாகிறது என்று அர்த்தம்.

எரு மக்க வைப்பது

பச்சைக் கோழி எருவை நேராகப் போட்டால் நாற்று கருகும், ஈ மொய்க்கும், பக்கத்து லயத்திலிருந்து புகார் வரும். காய்ந்த இலை அல்லது உமி 3 கூடை, பச்சைப் புல் 1 கூடை, கோழி எரு 1 கூடை என்று அடுக்கி, ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவியுங்கள். அதைவிடச் சின்னக் குவியலில் சூடு பிடிக்காது. மேலே கேன்வாஸ் போட்டு மூடுங்கள்.

மூன்றாம் நாள் குவியலின் நடுவில் இரும்புக் கம்பியைச் சொருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கம்பியைக் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடில்லை, உள்ளே காய்ந்திருக்கிறது என்றால் தண்ணீர் தெளியுங்கள். சூடில்லை, நாறுகிறது என்றால் ஈரம் அதிகம், உமி சேர்த்துப் புரட்டுங்கள். முதல் மூன்று வாரம் நாலு நாளுக்கு ஒருமுறை புரட்டல். எட்டு வாரத்தில் மண்வாசனை வரும். களைக்கொல்லி அடித்த புல்லை மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

எந்தப் பயிர் முதலில்?

கங்கோங் கீரை. விதையை இராத்திரி ஊறவைத்து, 12 சென்டிமீட்டர் இடைவெளியில் குழிக்கு இரண்டாகப் போடுங்கள். 25 முதல் 30 நாளில் அறுவடை. அடியில் ஐந்து சென்டிமீட்டர் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். அதன்பின் வெண்டை: 45 நாளையொட்டிக் காய்க்கத் தொடங்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் காய் முற்றி நார் பிடித்துவிடும். சாவி எனப்படும் கடுகு வகைக் கீரைக்கு வலை கட்டாமல் இறங்காதீர்கள், தத்து வண்டு இலையைச் சல்லடையாக்கிவிடும்.

மிளகாயைக் கடைசியில் தொடுங்கள். லாபம் உண்டு, ஆனால் வாடல் நோய் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கினால், அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுவாய் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை நூல் இறங்கினால் அது பாக்டீரியா. செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் நிறுத்தி, சோளம் போடுங்கள். வெட்டிய கத்தியையும் கழுவித் துடைத்த பிறகே அடுத்த பாத்திக்குக் கொண்டுபோங்கள்.

விற்பனையும் விதையும்

பசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக்குப் போகும் கீரையை மத்தியானத்துக்குமேல், வெயில் தணிந்தபின் அறுத்து, நிழலில் தண்ணீர் தெளித்துக் கட்டுங்கள். எத்தனை கட்டு போனது, எத்தனை திரும்பியது என்று அன்றிரவே குறியுங்கள். திரும்பி வந்த கட்டுதான் அடுத்த விதைப்பின் அளவைச் சொல்லும்.

பயிற்சி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, நல்ல வெண்டைச் செடி நாலைந்தில் முதலில் வந்த காய்களைப் பறிக்காமல் விடுங்கள். காய் செடியிலேயே பழுப்பேறிக் காய்ந்ததும் உடைத்து, விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சாம்பல் கலந்து இறுக மூடும் போத்தலில் வையுங்கள். எஃப்1 எனும் கலப்பினப் பாக்கெட் விதையில் வளர்ந்த செடி என்றால் இது வேண்டாம், அடுத்த தலைமுறை அம்மாச் செடி மாதிரி வராது. நாட்டு விதையா என்று நடும் நாளிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும்.